லிஃப்ட் வாசலில் ஒரு காலி நாற்காலி

விடிவதற்குச் சற்று முன்னால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஒரு நிறம் வரும். வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரைக் காற்றில் தெளித்துவிட்டதுபோல் இருக்கும். தூண்கள் பாதி கரைந்து நிற்கும். தீபாவளி அன்று அந்த நிறத்துக்குள் நான் மாவுக் கிண்ணத்தோடு இறங்குவேன். லிஃப்ட் கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். தரை குளிர்ந்து கிடக்கும். முதல் புள்ளியை வைத்த பிறகு என்ன நினைத்தேன், எந்த வளைவை எங்கே இழுத்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. கை போகும், நான் அதன் பின்னால் போவேன். முடித்துவிட்டு நிமிரும்போது, வேறு யாரோ போட்டு வைத்த கோலத்தின் ஓரத்தில் நான் நிற்பதுபோல் இருக்கும்.

அந்தக் கோலம் அழகுக்கு இல்லை. அது மகாலட்சுமி வந்து உட்காரும் இடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது.

நாங்கள் குடிவந்தபோது தெம்பனிஸ் பேட்டையே புதிது. மரங்களெல்லாம் குச்சியாய், கம்போடு சேர்த்துக் கட்டப்பட்டு நின்றன. என் வீட்டுக்காரர் அப்போது இருந்தார். நான் மின்னணுச் சாமான் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்து, மயிர்போல் இருக்கும் கம்பியை அதன் இடத்தில் ஒட்ட வேண்டும். என் மேசையிலிருந்து போன சாமான் திரும்பி வந்ததில்லை. இது கோலக் கை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன், வேறு யார் சொல்வார்கள்?

அந்தக் கையால் லிஃப்டுக்கும் தபால்பெட்டிக்கும் நடுவில் உள்ள தரையில் வருஷம் தவறாமல் போட்டுவந்தேன். யாரும் மிதித்ததில்லை. குருவிக்கூண்டு தூக்கிக்கொண்டு போகும் சீனக் கிழவர் கூண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாய்ப் போவார். மலாய்க்காரப் பெண் பிள்ளை வண்டியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போவாள். அந்த இடம் எனக்கு யாரும் கொடுத்தது இல்லை. நானும் கேட்டு வாங்கியது இல்லை. சீனப் புத்தாண்டுக்கு அங்கே சிவப்பு விளக்கு தொங்கும். நோன்புப் பெருநாளுக்கு, ஓலைச் சோற்றுப் பொட்டலம்போல் பச்சைக் காகிதத்தில் பின்னிய கெத்துப்பாட் தொங்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு பிளாஸ்டிக் மரம் பஞ்சை உதிர்த்துக்கொண்டு நிற்கும். வருஷம் அந்த வாசலில் இப்படித்தான் உடை மாற்றிக்கொள்ளும்.

எங்கள் மாடியில், எனக்கு எதிர்வீட்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான். ஆனால் சாமி கிடையாது என்று சொல்லும் தமிழர். பொங்கலுக்குக் கரும்பு வாங்குவார், தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் கோலம் போட்டுவிட்டு மேலே வரும்போது பேப்பர் வாங்கக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

"என்னம்மா, உங்க லட்சுமிக்கு லிஃப்ட் அமுக்கத் தெரியாதா? கீழயே நின்னுடுறாங்களே."

"அவ என் வீட்டுக்கு மட்டும் வர்றவ இல்லண்ணே. புளோக்குக்கே வர்றா. உங்க வீட்டுக்கும் சேத்துத்தான்."

"என் பங்க பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடச் சொல்லுங்க. அவங்க லாட்டரி எடுக்கிறவங்க."

இப்படியே பல வருஷம் போனது. சண்டை என்று சொல்ல முடியாது. காலையில் கோப்பி குடிப்பதுபோல் அது ஒரு பழக்கம்.

பிறகு லிஃப்ட் வாசலைப் புதுப்பித்தார்கள். பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பாகக் கல் போட்டார்கள். சுவரில் நாலு பாஷையிலும் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். தமிழ் கடைசியில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இனிமேல் பொது இடத்தில் பண்டிகைக்கு எது வைப்பதானாலும் ஆபீஸில் சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. புளோக்கைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்து கேட்டுக்கொண்டாள். விளக்குக்காரர்கள் சொன்னார்கள், கெத்துப்பாட்டுக்காரர்கள் சொன்னார்கள், மரத்துக்காரர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். அப்போதுதான் அண்ணன் முன்னால் வந்தார்.

"எல்லாருக்கும் வருஷத்துல ஒரு நாள் இந்த வாசல்ல இடம் இருக்கு. எனக்கு எங்க?"

"உங்களுக்கு என்ன பண்டிகை அங்கிள்?"

"பண்டிகை இல்ல. சாமி இல்லன்னு நெனைக்கிறவங்களும் இந்த புளோக்ல இருக்கோம். அதுக்கு ஒரு அடையாளம்." கையில் ஒரு பலகை வைத்திருந்தார். 'கடவுள் இல்லை, அச்சமும் இல்லை' என்று அவரே பெயிண்டில் எழுதியது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"இது மத்தவங்க மனசக் கஷ்டப்படுத்தும் அங்கிள். அலவ் பண்ண முடியாது."

"அவங்க வைக்கிறது என் மனசக் கஷ்டப்படுத்தினா?"

"கஷ்டப்படுத்துதா?"

அண்ணன் யோசித்தார். பொய் சொல்லாத மனிதர். "இல்ல. பழகிப்போச்சு."

"அப்புறம் என்ன அங்கிள்."

"சரி, எழுத்து வேணாம். ஒரு நாற்காலி வைக்கிறேன். காலி நாற்காலி. அதுல யாரும் இல்ல. அவ்வளவுதான் நான் சொல்றது. யாருமே இல்லாததப் பாத்து யாருக்குக் கோவம் வரும்?"

அந்தப் பெண் தன் கைப்பேசியில் தேடித் தேடிப் பார்த்தாள். காலி நாற்காலிக்கு எதிராக எந்த விதியும் அகப்படவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீபாவளிக்குச் சில வாரம் முன்பு நாற்காலி வந்தது. காப்பிக்கடையில் கழித்துப்போட்டதைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு பிளாஸ்டிக். தபால்பெட்டிப் பக்கம், சுவரில் முதுகு வைத்து, லிஃப்டைப் பார்த்தாற்போல் போட்டார். நான் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலை நடக்கப் போகும்போது, அந்த அரிசித் தண்ணீர் வெளிச்சத்தில் அதைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றது. கீழ்த்தளத்தில் வேறு எதுவும் இல்லை. நாற்காலி மட்டும் சிவப்பாக மிதந்துகொண்டிருந்தது. யாரோ வருவதாகச் சொல்லிவிட்டுப் போய், அவர்களுக்காக அது இடம் பிடித்து வைத்திருப்பதுபோல் இருந்தது. நான் என்னை அறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

எனக்கே அப்படித் தோன்றினால் சீனர்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும்! சீனக் கணக்கில் ஏழாம் மாதத்தில் அவர்கள் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். முன்வரிசையில் சிவப்பு நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள். அது செத்துப்போனவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்கள் அதில் உட்காரக்கூடாது. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அவர் இல்லாமல் போனவர்களைப் பற்றி யோசிக்காத மனிதர். நாற்காலியை எடுத்து வரும்போது அது நினைவுக்கு வரவில்லை.

முதலில் ஒரு ஆரஞ்சு வந்தது. மறுநாள் ஆரஞ்சுக்குத் துணையாக இன்னும் சில. பிறகு ஒரு பாக்கெட் கோப்பி, உறிஞ்சு குழலோடு. அப்புறம் பால் டின்னில் மண் போட்டு ஊதுவத்தி.

கீழ்மாடியில் ஒரு சீன அம்மா இருக்கிறாள். ஆ சோ என்று கூப்பிடுவேன். குடிவந்த நாளிலிருந்து பழக்கம். எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை சந்தையில் பேசும் மலாய். அவள்தான் வைக்கிறாள் என்று தெரிந்து, யாருக்கு என்று கேட்டேன்.

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கார். கூப்பிட்டா சாப்பாடு போட வேணாமா லா?"

"அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல ஆ சோ."

"நம்பிக்கை இல்லாதவர் எதுக்கு நாற்காலி போடுறார்?" என்றாள். "ஏழாம் மாசம் முடிஞ்சு அந்த உலகத்துக் கதவு சாத்தியாச்சு. சில பேரு லேட்டா போவாங்க. பாவம், அவங்களும் எங்க உக்காருவாங்க?"

அண்ணன் பேப்பர் வாங்க வந்தவர் ஊதுவத்தியைப் பார்த்து முகம் சிவந்தார். ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்து எங்கள் எதிரிலேயே தின்றார். ஆ சோ வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுல யாரும் இல்ல, பாருங்க!" என்று தமிழிலும் மலாயிலும் சொல்லிக்கொண்டே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஆ சோ போட்ட கூச்சல் மேல்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். "எழுந்திரு! எழுந்திரு! அவங்க மடியில உக்காந்துட்டே!"

மனிதர் எழுந்துவிட்டார். நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன, ஒருத்தர் மடியில் உட்கார்ந்துவிட்டாய் என்று அப்படிக் கத்தினால் யாருக்கும் உடம்பு எழுந்துகொள்ளும். எழுந்ததற்காக அவருக்குத் தன்மேலேயே கோபம். மறுபடி உட்காரவும் இல்லை. வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சிரிப்பு என் வாசலுக்கே வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

புதுக் கல்லில் ஊதுவத்திச் சாம்பல் விழுந்து கறை பிடித்தது. யாரோ படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பி, லிஃப்ட் வாசல் என்ன கோயிலா என்று கேட்டுவிட்டார்கள். அந்தப் பெண் திரும்ப வந்தாள். எங்களையெல்லாம் கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றி உட்காரவைத்தாள். குரல் மென்மையாகத்தான் இருந்தது. இனி வாசலில் சமயச் சம்பந்தமான எதுவும் கூடாது, டெக்கரேஷன் என்றால் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

விளக்குக்காரர், "டெக்கரேஷன்" என்றார். கெத்துப்பாட்டுக்காரப் பெண் டெக்கரேஷன் என்றாள். மரத்துக்காரரும் அதையே சொன்னார். அவரவர் சொன்னது அவரவருக்கு உண்மையாகவும் இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை.

"அங்கிள், உங்க நாற்காலிய எடுத்துடணும்," என்றாள் அண்ணனிடம். "அதுக்குப் பூஜை நடந்திருக்கு. ரிலிஜியஸ் ஐட்டம் ஆயிடுச்சு."

அண்ணன் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வசவை யாரும் அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"ஆன்ட்டி, உங்களது கோலம். அது டெக்கரேஷன்தானே?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "கோலத்த விட்டுடுங்க. அது தமிழர் கலை. புள்ளி, கோடு, கணக்கு. சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எனக்கு உதவி செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தன் நாற்காலி போன வருத்தத்தில் இருக்கிற மனிதர், என் தரையாவது எனக்கு மிஞ்சட்டும் என்று பேசுகிறார். இருந்தாலும் என் உடம்பெல்லாம் கொதித்தது.

"நீங்க சும்மா இருங்கண்ணே. யாரு வீட்டுக்கு யாரு கணக்குச் சொல்றது?"

"ஏம்மா, உங்களுக்காகத்தானே..."

"அதுல அவ வந்து உக்கார்றா. வெறும் கோடுன்னு நீங்க எப்படிச் சொல்வீங்க?"

அந்தப் பெண் என் பக்கம் குனிந்தாள். "ஆன்ட்டி, மனசுல என்ன வேணும்னாலும் வச்சுக்குங்க. வாயால டெக்கரேஷன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். நான் குறிச்சுக்கிறேன். தீபாவளிக்கு முன்னால சொல்லுங்க."

பிறகு வந்த நாட்களில் அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிசி ஊறவைக்கும்போது, துணி காயப்போடும்போது. சொன்னால் கோலம் இருக்கும். சொல்லாவிட்டால் இருக்காது. சொல்லிவிடு, லட்சுமிக்குத் தெரியாதா உன் மனசு என்று ஒரு பக்கம். அவளை வா என்று கூப்பிட்டுவிட்டு, வந்து நிற்கும்போது இவள் யாருமில்லை என்று ஆபீஸ்காரப் பெண்ணிடம் சொல்வதா என்று ஒரு பக்கம்.

கோலமாவு வாங்க, தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்காவுக்குப் போனேன். போகும்போது நல்ல வெயில். கடை கடையாய் நின்று பேசி வெளியே வரும்போது பொழுது சாய்ந்து சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு போட்டுவிட்டார்கள். கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. நான் நடந்த நினைவே இல்லை. தலைக்கு மேலே மயில் போனது, யானை போனது, அகல்விளக்கு போனது. மல்லிகையும் சாம்பிராணியும் பஸ் புகையும் கலந்து ஒரே வாசனை. ரத்தினம் பூத்ததுபோல் பெரிய தாமரை ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே தொங்கியது. இளஞ்சிவப்பில் எரிந்து, மங்கி, மறுபடி எரிந்தது. அதன் நடுவில் யாரும் இல்லை. இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்தும் இதைக் கவனித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வருஷம் கவனித்தேன். தாமரை இருக்கிறது, உட்காருகிறவள் இல்லை.

நகரவிடாமல் பின்னால் இடித்தார்கள். நான் நின்றே இருந்தேன். அது மங்கும்போதெல்லாம், அவள் இப்போதுதான் எழுந்து பக்கத்தில் எங்கேயோ போயிருக்கிறாள், இதழ் இன்னும் சூடாக இருக்கிறது என்று தோன்றியது. எரியும்போது, யாருமே உட்கார்ந்ததில்லை, கம்பியும் பல்பும்தான் என்று தோன்றியது. கண்ணில் நீர் கட்டி விளக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஊர் பூராவுக்கும் பொதுவான ரோடு. அங்கே இப்படித்தான் வைக்க முடியும் போலிருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு அவரவர் நியாயம். ஆனால் என் கையால் போடுவதை நான் அப்படிப் போட மாட்டேன். எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து வரும்போது மடியில் மாவுப் பை கனத்தது. பிடோக் ஸ்டேஷன் தாண்டும்போது மனசு அடங்கிவிட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"டெக்கரேஷன் இல்லம்மா."

"ஆன்ட்டி... அப்போ நான் நோ சொல்லணும்."

"சொல்லிக்கோ. உன் மேல எனக்கு வருத்தம் இல்ல. சாப்டியா?"

"சாப்ட்டேன் ஆன்ட்டி," என்றாள்.

தீபாவளி அன்று என் வீட்டு வாசலில், நடைபாதையில் போட்டேன். இடம் குறுகல். ஒரு பக்கம் செருப்பு அடுக்கு, ஒரு பக்கம் பூச்செடி. வளைவுகள் முழங்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தன. இருந்தாலும் மகாலட்சுமி வந்தாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சேலை கட்டி, கீழே இறங்கிக் கல்மேசையில் போய் உட்கார்ந்தேன். என் பிள்ளைகள் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வாசல் வெறிச்சென்று இருந்தது. கல் பளபளவென்று முகம் பார்க்கும்படி. நாற்காலியும் இல்லை. லிஃப்ட் திறந்தது, குருவிக்கூண்டுக் கிழவர் வந்தார். நடுவே நேராக வரலாம், தடுக்க ஒன்றுமில்லை. அவர் கூண்டை உயர்த்திக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போனார். கீழே குனிந்து பார்க்கக்கூட இல்லை. அடுத்து ஒரு மலாய்க் குடும்பம். அவர்களும் சுற்றித்தான் போனார்கள். ஆ சோ மட்டும் நின்று, வெறும் தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்து என் கையைப் பிடித்து ஆரஞ்சு ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் பேப்பரோடு வந்தார். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தார். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்க ஒண்ணுமே இல்ல. எல்லாரும் சுத்திப் போறாங்க," என்றார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதத்தாம்மா நான் நாற்காலி போட்டுச் சொல்ல வந்தேன். இல்லாததுக்கு எவ்வளவு மரியாத பாருங்க."

"இல்லாததுக்கா? அவ எப்பவும் உக்கார்ற இடம்னு கால் விலகிப் போகுது."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆரம்பிச்சது யாரு?"

பேப்பரை விரித்தார், படிக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அந்தப் பொண்ணு எங்கிட்டயும் போன் பண்ணுச்சு. நாற்காலி மேல ஒரு பூத்தொட்டிய வச்சு டெக்கரேஷன்னு சொல்லுங்க அங்கிள், விட்டுடுறேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பூத்தொட்டி வச்சா அது எப்படிக் காலி நாற்காலி ஆகும்?"

நான் ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பள்ளிவாசல் பக்கமிருந்து காற்று வந்தது, பின்னாலேயே யார் வீட்டு அடுப்பிலிருந்தோ முறுக்கு வாசனை. லிஃப்ட் மறுபடி திறந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பார்சல்காரர், தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு வெளியே வந்தார். எங்கள் புளோக்குக்குப் புதுசு. வண்டியை நேராக நடுவில் உருட்டிக்கொண்டு போனார். சக்கரம் கல்லில் கடகடவென்று ஓடியது.

அண்ணன் என்னைப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"சத்தம் போட்டிருக்கலாம்மா," என்றார். "நீங்க ஒரு குரல் குடுத்திருந்தா அவரு நின்னிருப்பாரு."

"இருக்கட்டும்ணே. பாவம், அவருக்கு வேலை கிடக்கு," என்றேன். வண்டி போய் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.